தொரையிடம் சொல்லப் பழக்கு

அன்புத் தம்பிக்கு,

வெலிமடையில் பிள்ளைகளுக்குக் கணினிப் பாதுகாப்பு வகுப்பு தொடங்குகிறாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. தாக்குதல்களை நடத்திக் காட்டப்போவதாக எழுதியிருந்தாய். காட்டு. ஆனால் அந்தக் கணினிகள் இணையத்தோடு ஒட்டாமல் தனியே இருக்கட்டும். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம் என்பதை முதல் நாளே சொல்லிவிடு.

அதைவிடக் கூடுதல் நேரத்தை வேறோர் ஒத்திகைக்கு ஒதுக்கு. வகுப்பறையைத் தோட்ட ஆபீஸாக்கு. ஒருவர் கிளாக்கர், ஒருவர் தோட்டத்தை நடத்தும் தொரை, மற்றவர்கள் சம்பளத்துக்குக் காத்திருப்பவர்கள். நாளைக்குச் சம்பளம். இன்று காலை, பேரும் சம்பளமும் பதியும் செக்ரோல் கோப்பு திறக்கவில்லை. பணம் கேட்டு ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் நிற்கிறது. பென்டிரைவில் பிரதி இருக்கிறது என்பார்கள். இரவு முழுக்க அது இதே கணினியில்தான் செருகியிருந்தது என்று அப்போது சொல். அதுவும் பூட்டிக்கிடக்கும். எந்த வயரை முதலில் கழற்றுவது, பேர்களைக் கையால் எழுதிச் சம்பளம் போடுவது எப்படி என்று அவர்களே தடுமாறிக் கண்டுபிடிக்கட்டும்.

இது வெறும் கற்பனை அல்ல. 2023இல் நம் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையையே இப்படிப் பூட்டினார்கள். சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குத் தனிப் பிரதி இருக்கவில்லை. மென்பொருளும் பழைய பதிப்பு.

சோதனை என்ற பெயரில் 'அஸ்வெசும நிவாரணப் பணம் வந்திருக்கிறது' என்று லயத்துச் சனங்களுக்குப் பொய்ச் செய்தி மட்டும் அனுப்பிவிடாதே. அமெரிக்காவின் கோடாடி நிறுவனம் 2020 டிசம்பரில் ஊழியர்களுக்கு 650 டொலர் போனஸ் என்று பொய் மின்னஞ்சல் அனுப்பிச் சோதித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது. இல்லாதவர்களின் ஆசையைத் தூண்டிலாக்குவது கொடுமை.

கிளாக்கராக நடிக்கும் பிள்ளையைக் கவனி. தொரையிடம் போய்ச் சொல்ல எவ்வளவு நேரம் தயங்குகிறான்? நம் தோட்டங்களில் பிழையை மேலிடத்துக்குச் சொல்வது லேசில்லை. ஏச்சு விழும், வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. அவன் தயங்கும் நேரத்தில்தான் பூட்டு அடுத்த கணினிக்கும் பரவுகிறது. எனக்குத் தெரிந்து எந்தக் கருவியையும்விட, தயங்காமல் சொல்வதற்குத்தான் பழக்கம் வேண்டும். அதனால் அதே ஒத்திகையை இன்னொரு தடவை நடத்து. இம்முறை அவனைத் தொரையாக்கு. வந்து சொல்பவரை ஏசாமல் கேட்டு, கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டுக்கு அறிவிக்கும் வரை அவனே செய்யட்டும்.

அன்புடன்,
அண்ணன்