ஐம்பதைத் தொட விடமாட்டார்களாமே!

ஜூன் பிறந்தால் போதும், வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு வதந்தி தவறாமல் கிளம்பிவிடும். "அம்பது டிகிரி வந்தா சட்டப்படி வேலையை நிறுத்தணும். அதனாலதான் 49-ஐத் தாண்டினதா சொல்லவே மாட்டானுங்க." சாட்சிக்கு ஒரு படமும் உண்டு: யாருடைய காரிலோ 54 என்று ஒளிரும் எண்.

குவைத்தின் மித்ரிபா நிலையத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானது. யாரும் மூடி மறைக்கவில்லை. உலக வானிலை அமைப்பே ஆராய்ந்து, 2019-இல் அதை ஏற்றுக்கொண்டது. அதே 2016 மே மாதத்தில் ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி அடித்ததை இந்திய வானிலைத் துறைதான் ஊருக்குச் சொன்னது. 49-ஓடு நிறுத்துகிறவர்கள் செய்கிற வேலையா இது?

சரி, அந்த ஐம்பது டிகிரிச் சட்டம் எங்கே இருக்கிறது? ஆண்டாண்டாக இதைப் பரப்புகிறவர்களில் ஒருவராவது தேடிப் பார்த்திருக்கலாம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் நேரடி வெயிலில் வேலை வாங்கத் தடை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 வரை. இந்தச் சட்டங்கள் பார்ப்பது கடிகாரத்தை. அன்று 40 டிகிரியா 52 டிகிரியா என்பது பேச்சே இல்லை. வதந்தியை நம்பி ஐம்பதுக்காகக் காத்திருப்பவர், தனக்கு ஏற்கெனவே உள்ள உரிமையைக் கோட்டை விடுகிறார்.

அந்தக் கார் படத்துக்கு வருவோம். காற்றின் வெப்பநிலையை நிழலில், காற்றோட்டத்தில், தரையிலிருந்து சுமார் ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். அதற்கென்றே தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டில் சாய்சட்டம் வைத்த வெள்ளை மரப்பெட்டியை வடிவமைத்தார். ('புதையல் தீவு' எழுதியவரின் அப்பாதான்.) காரின் உணரியோ பெரும்பாலும் முன் பம்பரை ஒட்டி இருக்கும். வெயிலில் நிற்கும் கார் தார்ச்சாலையின் அனலையும் எஞ்சின் சூட்டையும் சேர்த்தே காட்டும்.

நிலையக் கருவியும் சில சமயம் தப்பும். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூரில் 52.9 என்று காட்டியது. ஆய்வில் உணரி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது தெரிந்தது. உடனே "மறைத்துவிட்டார்கள்" என்று கூச்சல்!

   

உண்மையில் கேட்க வேண்டிய எண் வேறு. மண்பானையைப் போலத்தான் உடம்பும், கசிந்த நீர் ஆவியானால்தான் குளிரும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது. அங்கே 38 டிகிரியே ஆளைச் சாய்த்துவிடும். இதைக் கணக்கில் எடுப்பது ஈரக்குமிழ்–கோள வெப்பக் குறியீடு. வெயிலில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், கறுப்புக் கோளத்துக்குள் இருப்பதற்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். கத்தாரில் 2021 முதல் இந்த எண் 32.1-ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வெளிவேலையை நிறுத்தியாக வேண்டும். வரம்பு உண்டு, அது ஐம்பது அல்ல.

வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாடு, கட்டுமானத் தளங்களிலும் உப்பளங்களிலும் இந்தக் கருவியை வைக்கச் சொல்லி, அதன் எண்ணைத் தொழிலாளியின் கண்ணில் படும்படி எழுதிப்போடவும் சொல்லலாம். வளைகுடாவில் இருப்பவர்கள் அடுத்த முறை கார் படத்தை அனுப்புவதற்குப் பதில், தங்கள் நாட்டின் மதிய இடைவேளை நேரத்தை அனுப்புங்கள்.