வீடியோ கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு: படம் சுருங்குவது எங்கே?

நம் லிங்கராஜபுரத்திலும் அடுத்துள்ள கம்மனஹள்ளியிலும் பல வீடுகளில் பீரோவின் மேல் ஓர் அட்டைப்பெட்டி இருப்பதைக் காணலாம். உள்ளே 1985 முதல் 2000 வரை எடுத்த வி.எச்.எஸ். கேசட்டுகள்: திருமணம், காதுகுத்து, புதுநன்மை, ஊர்த் திருவிழா. அவற்றில் பேசிச் சிரிப்பவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. பிள்ளைகள் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு வீடியோ கேப்சர் கார்டு வாங்கி வந்து, கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கார்டு பெட்டியில் பெரிய எண் போட்டிருக்கிறது, சாஃப்ட்வேரிலோ 320க்கு 240 அல்லது 352க்கு 288 புள்ளிகளுக்கு மேல் வரவில்லையே, ஏன்?” அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இந்தப் பாடம்.

1. கேசட்டில் உள்ளது எவ்வளவு?

முதலில் இருப்பு என்ன என்று தெரிந்தால்தான் இழப்பு எவ்வளவு என்று சொல்ல முடியும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் வழங்கியது ‘பால்’ முறை. இதில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அவற்றுள் 576 கோடுகளில்தான் காட்சி இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கியது என்.டி.எஸ்.சி. முறை. அதில் 525 கோடுகள். காட்சிக்குச் சுமார் 480. பிரான்சில் ‘சீகம்’ என்ற மூன்றாவது முறை.

ஒரு ‘பால்’ கோட்டின் காட்சிப் பகுதி ஓடும் நேரம் 52 மைக்ரோ செகண்டு. வி.எச்.எஸ். டேப் தாங்கும் அலைவரிசை சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் பெருக்கினால் 156 அலைகள். ஓர் அலைக்கு ஒரு வெளிச்சம், ஓர் இருட்டு என்று கொண்டால், கோட்டின் நீளத்தில் 312 நுணுக்கங்கள். டேப்பில் உள்ள சரக்கு அவ்வளவே. நிறத்தின் நுணுக்கம் இதைவிட மிகக் குறைவு.

ஆக, அகலத்தில் சுமார் 310, உயரத்தில் 576 கோடுகள். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வையுங்கள். கார்டுகள் 720க்கு 576 என்று எடுப்பது 1982இல் ஏற்கப்பட்ட சர்வதேசத் தரத்தை ஒட்டியது. நம் கேசட்டுக்கு அது தாராளம். 1920க்கு 1080 என்று பெட்டியில் போட்டிருந்தால், இல்லாத புள்ளிகளைக் கார்டோ சாஃப்ட்வேரோ இட்டு நிரப்புகிறது என்று பொருள்.

2. 352க்கு 288இல் என்ன போகிறது?

அகலத்தில் 352 புள்ளி என்பது 310ஐவிடச் சற்று அதிகம்தானே, நஷ்டம் என்ன என்று கேட்கலாம். நஷ்டம் உயரத்தில். டி.வி. படம் ஒரே மூச்சில் வருவதில்லை. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள் 288, அடுத்து இரட்டைப்படைக் கோடுகள் 288 என, ஒரு நொடிக்கு 50 அரைப்படங்களாக வருகிறது. 288 கோடு மட்டும் எடுக்கும் கார்டு, பெரும்பாலும் ஓர் அரைப்படத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. டேப்பில் உள்ள கோடுகளில் பாதி போகிறது. அசைவின் நயத்திலும் பாதி போகிறது. கேசட்டைத் தூக்கி எறிந்தபின் அதை எங்கே போய்த் தேடுவது?

3. அடைப்பு எங்கே?

ரயில் பாதையில் ஓரிடத்தில் 20 கிலோமீட்டர் என்று காஷன் ஆர்டர் இருந்தால், எஞ்சின் எவ்வளவு சக்தி வாய்ந்ததானாலும் அங்கே 20தான். வி.சி.ஆர்., கேபிள், கார்டு, போர்ட், டிரைவர், சாஃப்ட்வேர் என்ற இந்தச் சங்கிலியும் அப்படியே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

(அ) சாஃப்ட்வேர்: இதை முதலில் பாருங்கள், செலவில்லாத சோதனை. போட்டோ எடிட் செய்யும் பல சாஃப்ட்வேர்கள், முன்னோட்டத்தில் தெரியும் சிறு படத்தையே எடுத்துக்கொள்கின்றன. முன்னோட்ட அளவு வேறு, பதிவு அளவு வேறு. இரண்டுக்கும் தனித்தனி இடத்தில் அமைப்பு உண்டு. அதே கார்டை வெர்ச்சுவல்டப், ஓ.பி.எஸ். போன்ற இன்னொரு சாஃப்ட்வேரில் திறந்து, 720க்கு 576 கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் கார்டு நிரபராதி. முழு அளவில் வீடியோவாகப் பதிவு செய்துகொண்டு, வேண்டிய படத்தை அதிலிருந்து எடுங்கள்.

(ஆ) முறை: கார்டு என்.டி.எஸ்.சி. என்று அமைந்திருந்தால் அளவுப் பட்டியல் 480 கோட்டோடு நின்றுவிடும். நம் கேசட்டின் படம் நிறமிழந்தோ உருண்டோ தெரியும். ‘பால்’ என்று மாற்றியபின் சாஃப்ட்வேரை மூடித் திறக்கவும். பல சாஃப்ட்வேர்கள் பட்டியலைத் தொடக்கத்தில் ஒரு முறைதான் படிக்கும். டொரொன்டோ அத்தை அனுப்பிய கேசட் என்றால் இது தலைகீழ். அதைப் பல முறைகளையும் ஏற்கும் வி.சி.ஆரில் போட வேண்டும்.

(இ) டிரைவர்: விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட பொது டிரைவர் எல்லா அளவுகளையும் காட்டாமல் போகலாம். கார்டு செய்தவர் தரும் டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

(ஈ) போர்ட்: 720 பெருக்கல் 576, புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 படம். கணக்கிட்டால் நொடிக்கு 2 கோடியே 7 லட்சம் பைட். அதாவது சுமார் 16.6 கோடி பிட். பழைய யு.எஸ்.பி. 1.1 போர்ட்டின் எல்லை 1.2 கோடி பிட். யு.எஸ்.பி. 2.0இன் எல்லை 48 கோடி. குறைந்த வேகப் போர்ட்டிலோ, பல கருவிகள் பங்கிடும் ஹப்பிலோ செருகினால் படம் சுருங்கலாம், அல்லது இடையிடையே விட்டுப்போகலாம். கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள்.

(உ) கேபிள்: மஞ்சள் முனைக் கேபிள் புள்ளி எண்ணிக்கையைக் குறைக்காது. வி.சி.ஆரில் எஸ்-வீடியோ வழி இருந்தால் ஓரங்களில் நிறம் கலங்குவது குறையும். இல்லையென்றால் கவலை வேண்டாம்.

4. உண்மையில் 576 கோடு வருகிறதா?

ஃபைலின் அளவு 720க்கு 576 என்று காட்டினால் மட்டும் போதாது. 288ஐ இழுத்து 576 ஆக்கியும் காட்டலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கேசட்டில் யாராவது பக்கவாட்டில் வேகமாக நடக்கும் இடத்தை, அல்லது தாலி கட்டும்போது அட்சதை போடும் கை வீசும் இடத்தைத் தேடுங்கள். அங்கே ஒரு படத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள். கையின் ஓரம் சீப்பின் பல் போலக் கோடு கோடாகத் தெரிந்தால் மகிழ்ச்சி: இரண்டு அரைப்படங்களும் வந்திருக்கின்றன. அந்தப் பற்களைப் பழுது என்று நினைத்துப் பலர் பதிவின்போதே நீக்கச் சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம், பார்க்கும்போது நீக்கிக்கொள்ளலாம். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் 1991ஆம் ஆண்டுத் திருமணக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கியது. ஃபைல் 720க்கு 576தான்; ஆனால் வேகமான அசைவிலும் பல் ஒன்றுகூட இல்லை, அசைவு நொடிக்கு 25ஆகவே இருந்தது. பெயர் போடும் இடத்தில் எழுத்தின் சாய்ந்த ஓரங்கள் படிக்கட்டாக இருந்தன. கேசட் பத்திரமாக இருந்ததால் மறுபடி எடுத்தோம்; மணமேடைக்குப் பின்னால் இருந்த பலகையின் எழுத்தைப் படிக்க முடிந்தது. பாட்டியின் முகமும் தெளிந்தது.

5. சில குறிப்புகள்

படத்தைப் பிரிண்ட் போடும்போது 768க்கு 576 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். 720இலேயே போட்டால் முகங்கள் சற்று ஒல்லியாகத் தெரியும். சுருக்காமல் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜிகாபைட் இடம் வேண்டும். தரம் குறைக்காமல் சுருக்கும் முறைகளும் உண்டு. பூஞ்சை பிடித்த கேசட்டை வி.சி.ஆரில் போடாதீர்கள், ஹெட்டையும் கெடுத்து, அடுத்த கேசட்டுக்கும் பரவும். வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் வி.சி.ஆர். ஒன்று உறவினர் யாரிடமாவது இருந்தால், இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

செய்து பார்க்க

1. உங்கள் கேசட் எந்த நாட்டில் பதிவானது? அதன் மேல் முறையை எழுதி ஒட்டுங்கள்.
2. இரண்டு நிமிடம் மட்டும் 720க்கு 576இல் பதிவு செய்யுங்கள்.
3. அசையும் கையில் சீப்புப் பல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் (அ) முதல் (ஈ) வரை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.
4. பல் தெரிந்தபின் முழுக் கேசட்டையும் பதிவு செய்து, இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கேசட்டையும் உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். எறிய வேண்டாம்.

இரண்டு நிமிடச் சோதனையில் சந்தேகம் வந்தால், கேசட்டையும் கார்டையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.