பனிமலைக் காவல் தொண்டர் ஆவது எப்படி?

பிறருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. வீதியில் ஒருவர் தவறி விழுந்துவிட்டால் உடனே கூட்டம் கூடிவிடுகிறது. ஒருவர் தண்ணீர் கொடுக்கிறார். ஒருவர், "எழுந்து நட, சரியாகிவிடும்" என்கிறார். மற்றொருவர் காலைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார். எல்லோருடைய மனமும் நல்ல மனமே. ஆயினும் விழுந்தவருடைய எலும்பு முறிந்திருந்தால், அந்த நல்ல மனத்தாலேயே அவருக்குத் தீங்கு நேர்ந்துவிடலாம். உதவ விரும்புவது வேறு. உதவத் தெரிந்திருப்பது வேறு.

இவ்வுண்மையை அமெரிக்க நாட்டுப் பனிமலை ஒன்றில் சில நண்பர்கள் துயரமான அனுபவத்தின் வாயிலாக உணர்ந்தனர். அதன் விளைவாகப் பிறந்த ஒரு தொண்டர் படையைப் பற்றியும், அதில் ஒருவர் எவ்வாறு பயின்று சேர்கிறார் என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

பனிச்சறுக்கு

நம்மில் பலர் பனிமலையைப் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறோம். குளிர் நாடுகளில் மலைச்சரிவுகள் மாதக்கணக்கில் பனியால் மூடிக் கிடக்கும். நீண்டு ஒடுங்கிய இரு பட்டைகளைத் தம் காலணிகளோடு பொருத்திக்கொண்டு, இரு கைகளிலும் கோல் ஏந்தி, அச்சரிவுகளில் மக்கள் வழுக்கி இறங்குவர். அப்பட்டைகளுக்கு 'ஸ்கீ' என்று பெயர். மலைமேல் ஏறுவதற்குக் கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் நாற்காலிகள் உண்டு.

இன்பமான விளையாட்டுத்தான். ஆனால் வேகம் மிகுதி. முழங்கால் பிசகுதல், கால் எலும்பு முறிதல், தோள்மூட்டு விலகுதல், மரத்தில் மோதித் தலையில் அடிபடுதல் ஆகியவை நேர்வதுண்டு. விழுந்தவர் கிடக்கும் இடமோ செங்குத்தான பனிச்சரிவு. ஆம்புலன்ஸ் வண்டி அங்கே ஏற முடியாது. பனியில் சறுக்கிச் செல்லவும், சிகிச்சை செய்யவும், நோயாளியைக் கீழே கொண்டுவரவும் அறிந்த ஒருவர்தாம் அங்கே சென்று உதவ முடியும். அவரே பனிமலைக் காவல் தொண்டர். ஆங்கிலத்தில் 'ஸ்கீ பேட்ரோலர்' என்பர்.

துயரத்தில் பிறந்த படை

1936-ஆம் ஆண்டுப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள ஸ்டோ என்ற ஊருக்குச் சார்ல்ஸ் மைனாட் டோல் என்பவர் தம் மனைவியுடனும் நண்பர் பிராங்க் எட்சனின் குடும்பத்துடனும் சென்றார். டோல் காப்புறுதித் தொழில் செய்துவந்தவர். ஈரமும் கனமுமான பனியில் சறுக்கியபோது அவர் விழுந்தார். கணுக்கால் முறிந்தது. மலையில் முதலுதவிப் பெட்டியும் இல்லை. தூக்குப் படுக்கையும் இல்லை. என்ன செய்வது என்று அறிந்தவரும் இல்லை. நண்பர் எட்சன் கீழே இறங்கிச் சென்று, கூரை வேயும் தகரத் துண்டு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். அத்தகரத்தின்மேல் கிடத்தித்தான் டோலைக் கீழே இழுத்துச் சென்றார்கள். குளிரும் வலியும் ஒருங்கே வருத்த, அவர் அடைந்த வேதனையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டே மாதங்கள் கழிந்தன. மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்றில் எட்சன் மரத்தில் மோதிப் படுகாயமுற்று உயிர் நீத்தார். தமக்காகத் தகரம் தேடி ஓடிய நண்பனின் மரணம் டோலின் உள்ளத்தை உலுக்கிவிட்டது. பனிச்சறுக்கு விபத்துகள் ஏன் நிகழ்கின்றன, எவ்வாறு தடுக்கலாம் என்று ஆராயும் குழு ஒன்றுக்கு அவர் தலைமை ஏற்றார். விளையாட்டைப் பற்றி வீண் அச்சம் ஊட்டுகிறார் என்று ஏளனம் செய்தோரும் உண்டு. அவர் தளரவில்லை.

1938-ஆம் ஆண்டு ஸ்டோவில் தேசியப் பந்தயம் நடைபெற்றபோது, டோல் ஏற்பாடு செய்திருந்த காவல் தொண்டர்களின் பணியைத் தேசியப் பனிச்சறுக்குச் சங்கத்தின் தலைவர் ரோஜர் லாங்லி நேரில் கண்டார். நாடு முழுவதற்கும் இத்தகைய படையை அமைத்துத் தருமாறு அவர் கேட்டுக்கொள்ள, அவ்வாண்டே 'நேஷனல் ஸ்கீ பேட்ரோல்' தோன்றியது. 1980-இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதற்குச் சட்டப்படியான சாசனம் வழங்கிற்று. இன்று அதில் 30,000-க்கும் மேற்பட்டோர் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். வார நாட்களில் ஆசிரியராகவோ, செவிலியராகவோ, தச்சராகவோ, கணக்கராகவோ உழைத்துவிட்டு, விடுமுறை நாளில் பனிமலைக்கு வருகிறவர்கள்.

யார் சேரலாம்?

மிக வேகமாகச் சறுக்குபவரே சிறந்த காவலர் ஆவார் என்று நாம் நினைக்கக்கூடும். அது தவறு. எத்தகைய பனியிலும் தன் வேகத்தைத் தானே அடக்கி, நினைத்த இடத்தில் நிற்கக்கூடியவரே வேண்டப்படுகிறார். குளிரைத் தாங்கும் உடல்நலம் வேண்டும். மூத்த தொண்டர் சொல்வதைக் கேட்டு நடக்கும் பணிவும் வேண்டும்.

15 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கென்று இளையோர் பிரிவு ஒன்றும் உண்டு. அதாவது, தோழியரே, நம் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவிகளின் வயதுடைய சிறுமியர் சிலரும் அங்கே இப்பயிற்சியைப் பெறுகின்றனர்.

விண்ணப்பித்தவரை உடனே காவலராக ஏற்றுக்கொள்வதில்லை. முதலில் அவர் 'பயிற்சியாளர்' மட்டுமே. பனிக்காலம் தொடங்குமுன் முதலுதவிக் கல்வி. பனி விழுந்தபின் மலைப் பயிற்சி. இரண்டிலும் தேறிய பிறகே வெண்ணிறச் சிலுவைக் குறி பொறித்த மேற்சட்டையை அணிந்து தனியே பணி செய்யலாம்.

முதலுதவிக் கல்வி

இக்கல்வி ஏறத்தாழ 100 மணி நேரம் நடைபெறும். பெரும்பாலும் மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் வகுப்புகள் அமையும். மூச்சும் இரத்த ஓட்டமும் நடைபெறும் விதம், இரத்தப்போக்கை நிறுத்துதல், எலும்பு முறிவு, தலைக்காயம், முதுகெலும்புக் காயம், அதிர்ச்சி நிலை, மாரடைப்பு, குளிரால் வரும் கேடுகள் ஆகியவற்றைக் கற்கின்றனர். இதயம் நின்றுபோனவரின் மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வீதம் அழுத்தி உயிர் காக்கும் முறையையும் பயில்கின்றனர். முடிவில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு.

ஒவ்வொரு பாடத்திற்கும் காரணம் உண்டு என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது, தொடை எலும்பு முறிவு. வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியாமலிருக்கலாம். ஆனால் தொடையின் உள்ளேயே ஒரு லிட்டருக்கும் மேல் இரத்தம் கசிந்துவிடக்கூடும். முறிந்த எலும்பின் கூர்முனை அசைய அசையச் சதையையும் இரத்தக் குழாய்களையும் கிழிக்கும். ஆகவேதான் மட்டை வைத்துக் கட்டி, கால் அசையாதபடி செய்த பின்னரே நோயாளியை நகர்த்துகின்றனர்.

இரண்டாவது, உடல் வெப்பம் குறைதல். நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. முதலில் உடல் நடுங்கும். பின்னர் பேச்சுக் குழறும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் நோயாளி தேறிவிட்டார் என்று அறியாதவர் மகிழ்வர். கற்றவரோ நிலைமை முற்றிவிட்டது என்று அறிவர். மேலே போர்வை போர்த்தினால் மட்டும் போதாது. பனித்தரை உடலின் வெப்பத்தை உறிஞ்சாதவாறு கீழேயும் விரிக்க வேண்டும். பனியால் விறைத்த விரல்களைத் தேய்த்துவிடவும் கூடாது. தேய்த்தால் உள்ளிருக்கும் திசுக்கள் மேலும் சிதையும்.

சறுக்குவண்டிப் பயிற்சி

நோயாளியைக் கீழே கொண்டுவரும் வண்டிக்கு 'டொபாகன்' என்று பெயர். சக்கரமில்லாத, படகு போன்ற வண்டி அது. முன்புறத்தில் இரண்டு நீண்ட கைப்பிடிகள் இருக்கும். அவற்றின் நடுவே நின்று ஒரு தொண்டர் சறுக்கியபடியே வண்டியை வழிநடத்துவார். மிகச் செங்குத்தான இடங்களில் மற்றொரு தொண்டர் பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்து வேகத்தை அடக்குவார். வண்டியின் அடியில் விழும் சங்கிலி பனியைக் கவ்வித் தடையாகப் பயன்படும்.

பயிற்சியாளர் முதலில் வெறும் வண்டியை இறக்கிப் பழகுகிறார். அதன்பின் உடன்பயில்பவர் ஒருவரை அதில் படுக்கவைத்து இறக்குகிறார். அடுத்து அவரே நோயாளியாகப் படுக்கிறார். இது மிகவும் பயனுள்ள பாடம். கட்டுண்டு, அசைய முடியாமல், வானத்தை மட்டும் பார்த்தபடி பிறர் கையில் தன்னை ஒப்படைத்துவிட்டுக் கிடப்பது எத்தகைய அச்சம் தருவது என்பதை அவர் அப்போது அறிகிறார். ஒவ்வொரு குலுக்கலும் முதுகில் தெரியும். அதன்பிறகு அவர் வண்டியை இழுக்கும் விதமே மாறிவிடும். நோயாளியிடம், "இப்போது ஒரு திருப்பம் வருகிறது, அஞ்ச வேண்டாம்" என்று முன்னதாகச் சொல்லவும் பழகிக்கொள்வார்.

விபத்து நடந்த இடத்தில்

பயிற்சி முடிந்த ஒரு தொண்டர் விபத்துச் செய்தி கேட்டு விரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்வன யாவை?

விழுந்தவருக்குச் சற்று மேலே, சரிவில், தம் ஸ்கீ பட்டைகள் இரண்டையும் குறுக்காகப் பனியில் நட்டு வைக்கிறார். மேலிருந்து வேகமாக வருவோர் அதைக் கண்டு விலகிச் செல்வர். தாமும் அடிபட்டு வீழ்ந்தால் உதவுவார் யாரும் இல்லை. ஆகவே இடத்தின் பாதுகாப்பே முதற் கடமை.

அடுத்துத் தம் பெயரைச் சொல்லி, "நான் உங்களுக்கு உதவலாமா?" என்று கேட்கிறார். விழுந்து கிடப்பவருக்கும் மதிப்பு உண்டு அன்றோ! பின்னர் மூச்சு, இரத்தப்போக்கு, நினைவு ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்கிறார். கண்ணுக்குத் தெரியும் கைக்காயத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத தலைக்காயத்தை விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே இவ்வரிசை. தேவையான பொருட்களைக் கம்பியில்லாக் கருவி மூலம் கேட்டுப் பெற்று, காயத்தைக் கட்டி, நோயாளியை வண்டியில் கிடத்தி, கீழே காத்திருக்கும் மருத்துவப் பணியாளரிடம் ஒப்படைக்கிறார். தாம் கண்டதையும் செய்ததையும் தாளில் எழுதிக் கொடுக்கிறார்.

தமக்குக் கற்பிக்கப்பட்ட அளவுக்கு மேல் அவர் எதுவும் செய்யமாட்டார். அறியாததைச் செய்யாதிருப்பதும் இக்கல்வியின் ஒரு பகுதியே.

கற்றது மறவாமை

ஒருமுறை தேறிவிட்டால் போதும் என்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பனிக்காலத்திற்கு முன் அனைவரும் மீள்பயிற்சிக்கு வருதல் வேண்டும். பாடங்களை மூன்றாகப் பிரித்து, மூன்று ஆண்டுகளில் முழுவதையும் மீண்டும் படித்து முடிக்கிறார்கள். பல ஆண்டுகள் பணியாற்றியவரும் புதியவருடன் அமர்ந்து, மட்டை வைத்துக் கட்டிக் காட்ட வேண்டும். கை மறந்துபோகும் என்பதை அறிந்தவர்களே இவ்விதியை வகுத்தனர்.

மாலைக் கடமை

காலையில் மக்கள் வருமுன் மலைக்குச் சென்று வழிகளைச் சோதிப்பவர்களும், மாலையில் கடைசியாக இறங்குபவர்களும் இவர்களே. கம்பிவட நாற்காலிகள் நின்ற பிறகு, தொண்டர்கள் மலையுச்சியிலிருந்து ஒவ்வொரு வழியாகப் பிரிந்து மெதுவாக இறங்குவர். ஆங்காங்கே நின்று உரக்கக் குரல் கொடுப்பர். பின்பு சற்று நேரம் அசையாமல் நின்று செவிமடுப்பர். மரங்களின் நடுவே யாரேனும் விழுந்து கிடந்தால், இரவின் கடுங்குளிரில் அவர் விடியும்வரை உயிரோடிருப்பது அரிது. பெரும்பாலான நாட்களில் மறுகுரல் வருவதில்லை. ஆயினும் ஒரு நாளும் அவர்கள் குரல் கொடுக்காமல் இறங்குவதில்லை. பாராட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. காண்பாரில்லாத இடத்திலும் ஒழுங்காகச் செய்யப்படும் இப்பணியே தொண்டின் உரைகல் எனலாம்.

நமக்கு ஒரு பாடம்

சென்ற ஆண்டு நம் பள்ளி முதலுதவி வகுப்பில் முக்கோணத் துணியால் கட்டுப் போடக் கற்பித்தார்கள். நானும் என் தோழியும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். முடிச்சு எங்கே வரவேண்டும் என்பதை நான் கவனிக்கவே இல்லை. இக்கட்டுரைக்காகப் படித்தபோது அந்த வகுப்பு நினைவுக்கு வந்து நாணமுற்றேன்.

எட்சனிடம் அன்பு இருந்தது. நண்பனுக்காக அவர் பனியில் இறங்கி ஓடினார். தகரம் தேடிக் கொண்டுவந்தார். அவ்வளவுதான் அன்று அவரால் இயன்றது. அவருடைய மரணத்திற்குப் பின், அன்போடு அறிவும் பயிற்சியும் சேரவேண்டும் என்று டோல் உறுதி பூண்டார். இன்று அம்மலைகளில் ஒருவர் விழுந்தால், தகரத் துண்டைத் தேடி யாரும் ஓட வேண்டியதில்லை.

தோழியரே! நம் ஊரில் பனி இல்லை. ஆனால் சாலை உண்டு, கிணறு உண்டு, அடுப்பு உண்டு. விழுபவரும், மூழ்குபவரும், தீப்பட்டவரும் இங்கேயும் உண்டு. அடுத்த முதலுதவி வகுப்பில் அந்த முக்கோணத் துணி நம் கைக்கு வரும்போது, முடிச்சு எங்கே வரவேண்டும் என்று இருமுறை கேட்போம்.