மசோதா சட்டமாவது எப்படி? புளோரிடாவில் படித்த பாடம்



போன மாதம் குடிமையியல் வகுப்பில் சார் என்னை எழுப்பி, "ஒரு மசோதா எப்படிச் சட்டமாகுது, சொல்லு" என்றார். அறிமுகம், விவாதம், வாக்கெடுப்பு, ஒப்புதல் என்று கடகடவென ஒப்பித்தேன். சார் சிரித்தார். "நாலு மார்க் போட்டுடலாம். ஆனா அந்த நாலு வார்த்தைக்கு நடுவுல என்ன நடக்கும்னு தெரியுமா? உன் வயசுப் பிள்ளைங்க சம்பந்தப்பட்ட ஒரு சட்டத்தை எடுத்துப் படிச்சுட்டு வா" என்றார். நான் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

என்ன நடந்தது?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பார்க்லேண்ட் என்று ஓர் ஊர். 2018 பிப்ரவரி 14 அன்று, அங்குள்ள மார்ஜரி ஸ்டோன்மேன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் முன்னாள் மாணவன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து சுட்டான். 14 மாணவர்களும் 3 பணியாளர்களும் இறந்துபோனார்கள். அவனுக்கு வயது 19. துப்பாக்கியை அவன் திருடவில்லை, சட்டப்படி கடையில் வாங்கியிருந்தான்!

அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகவேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய ரைபிள் வாங்க புளோரிடாவில் 18 வயதே போதும். அவன் வாங்கியது ரைபிள்தான்.

முதல் வாக்கெடுப்பு: தோல்வி

ஆறே நாளில், பிப்ரவரி 20 அன்று, அந்தப் பள்ளி மாணவர்கள் சுமார் நூறு பேர் பஸ்களில் தலைநகர் டலஹாசிக்குக் கிளம்பினார்கள். தூரம் சுமார் 700 கிலோமீட்டர். நாம் கன்னியாகுமரியிலிருந்து சென்னை போவது மாதிரி.

தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடை செய்யும் மசோதா ஒன்று குழுவிலேயே முடங்கிக் கிடந்தது. அதை நேராகச் சபையின் விவாதத்துக்குக் கொண்டுவர அன்று ஒரு தீர்மானம் வந்தது. பஸ்கள் வழியில் இருக்கும்போதே வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஆதரவு 36, எதிர்ப்பு 71. முன்னதாகவே வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த சில மாணவர்கள் அழுதுவிட்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. மசோதாவே தோற்கவில்லை, அதைப் பேசலாமா என்ற கேள்விதான் தோற்றது. நம் பாடப்புத்தகத்தில் 'விவாதம்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அந்தப் படிக்கு வந்து சேரவே ஓட்டு வேண்டும்!

இரண்டாவது மசோதா

மாணவர்கள் திரும்பிப் போய்விடவில்லை. மறுநாள் உறுப்பினர்களை நேரில் பார்த்துப் பேசினார்கள். பிறகு வேறொரு மசோதா வந்தது. அதில் இருந்தவை:

1. எந்தத் துப்பாக்கி வாங்கவும் வயது 21.
2. பணம் கட்டினாலும் துப்பாக்கி கைக்கு வர மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.
3. ரைபிளை மிக வேகமாகத் தொடர்ந்து சுடவைக்கும் இணைப்புக் கருவிக்குத் தடை.
4. ஒருவரால் ஆபத்து என்று தெரிந்தால், போலீஸ் நீதிபதியிடம் கேட்டு அவர் துப்பாக்கியை ஓராண்டு வரை வாங்கி வைக்கலாம்.
5. பயிற்சி பெற்ற பள்ளிப் பணியாளர் சிலர் துப்பாக்கி வைத்திருக்கலாம்.

ஐந்தாவதைப் பார்த்துப் பல மாணவர்களே முகம் சுளித்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களும் ஒரே காரணத்துக்காகப் போடவில்லை. சிலர், "18 வயதில் ராணுவத்தில் சேரலாம், ஓட்டுப் போடலாம், ரைபிள் மட்டும் வாங்கக்கூடாதா?" என்றார்கள். வேறு சிலர், "பள்ளிக்குள் இன்னும் துப்பாக்கியா?" என்றார்கள்.

செனட்டில் ஆதரவு 20, எதிர்ப்பு 18. ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால் 19க்கு 19! பிரதிநிதிகள் சபையில் 67க்கு 50. மார்ச் 9 அன்று ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்துப் போட்டார். சம்பவம் நடந்து 23 நாள்தான் ஆகியிருந்தது. சட்டத்துக்கு அந்தப் பள்ளியின் பெயரையே வைத்தார்கள். மாணவர்கள் முதலில் கேட்ட தடை மட்டும் அதில் இல்லை.

கையெழுத்தோடு முடிந்ததா?

இல்லை. அதே நாளில் தேசிய ரைபிள் சங்கம் வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் 21 வயது விதி செல்லும் என்றது. இதற்கிடையில் 2019-ல் வகுப்பாசிரியர்களும் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று சட்டத்தை விரித்தார்கள். 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும், வயதை மறுபடி 18 ஆக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனட் நிறைவேற்றாததால் 21 அப்படியே நின்றது.

தெரிந்துகொள்வோம்

* அங்கே மாநிலத்துக்கு இரண்டு சபைகள்: செனட்டில் 40 பேர், பிரதிநிதிகள் சபையில் 120 பேர். தமிழ்நாட்டில் 1986-ல் மேலவை போய்விட்டது, 234 உறுப்பினர் கொண்ட ஒரே சபைதான்.
* அங்கே ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.
* அங்கே துப்பாக்கிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தியாவில் ஆயுதங்கள் மத்தியப் பட்டியலில் உள்ளன. நாடு முழுவதற்கும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான். உரிமம் கட்டாயம்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தேன். சார் மார்க் எதுவும் சொல்லவில்லை. "இதை எழுதிச் சுவர்ல ஒட்டு" என்றார். ஒட்டிவிட்டேன்.

நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. செனட்டில் அந்த 38 பேரில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தது நாலு, பிடிக்காதது ஒன்று. ஓட்டு எந்தப் பக்கம்? கீழே உள்ள வெள்ளைத் தாளில் எழுதுங்கள். காரணமும் எழுதணும்!

– பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு