புதிய பூவினம் உண்டாக்குதல்: மணப்பட்டாணி தரும் பாடம்

அழகிற்காகத் தோட்டங்களில் வளர்க்கப்படும் மலர்ச் செடிகளுள் பெரும்பாலானவை இப்பொழுது காணப்படும் உருவத்தில் இயற்கையாகத் தோன்றியவை அல்ல. காட்டில் கிடைத்த ஒரு சாதாரணச் செடியைப் பல தலைமுறைகள் பொறுமையுடன் வளர்த்து, வேண்டியதை வைத்து வேண்டாததைக் களைந்து, மனிதர் அவற்றை உருவாக்கினர். இவ்வேலைக்குப் பெரும் மாளிகையோ விலையுயர்ந்த கருவிகளோ தேவையில்லை. சிறு தோட்டமும், கூர்ந்த பார்வையும், தவறாமல் எழுதிவைக்கும் வழக்கமும் உள்ள எவரும் இதனைச் செய்யலாம். ஆங்கிலத் தோட்டங்களில் ஸ்வீட் பீ என்று வழங்கும் மணப்பட்டாணியின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும். ஒரு புதிய இனத்தை உண்டாக்குவது வேறு, அதனை நிலைபெறச் செய்வது வேறு என்பதையும் அது தெளிவாகக் காட்டுகிறது.

1. காட்டுக் கொடி

மணப்பட்டாணி சிசிலித் தீவையும் இத்தாலியின் தென்பகுதியையும் தாயகமாகக் கொண்ட ஒரு கொடி. சிசிலியில் வாழ்ந்த பிரான்சிஸ்கோ குபானி என்னும் கிறிஸ்தவத் துறவி, 1699-ஆம் வருஷத்தில் இதன் வித்துக்களை இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த ராபர்ட் யுவ்டேல் என்ற பள்ளியாசிரியருக்கு அனுப்பினார். அக்கொடியின் பூக்கள் சிறியவை. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தன. ஆயினும் மணம் மிக்கவை. அம்மணத்தை முன்னிட்டே மக்கள் அதனைப் போற்றி வளர்த்தனர். அதன்பின் ஏறக்குறைய நூற்றெழுபது வருஷங்கள் வரையில் அதிலிருந்து கிடைத்த புதிய நிறங்கள் மிகச் சிலவே. கொடி தானாக மாறும் வரையில் மக்கள் காத்திருந்தனரேயன்றி, மாற்றுவதற்கு எவரும் தொடர்ந்து முயன்றாரில்லை.

மணப்பட்டாணியின் காயும் வித்தும் நச்சுத்தன்மை உடையவை, உண்ணத்தக்கவை அல்ல. சமையலுக்குரிய பட்டாணியைப் போலவே தோன்றுவதால், குழந்தைகள் உள்ள வீடுகளில் வித்தைப் பத்திரப்படுத்தி வைத்தல் வேண்டும்.

2. எக்ஃபோர்டின் உழைப்பு

ஸ்காட்லாந்தில் 1823-இல் பிறந்த ஹென்றி எக்ஃபோர்டு பிறர் தோட்டங்களில் ஊழியம் செய்து பிழைத்த தோட்டக்காரர். வெர்பினா, பெலர்கோனியம் முதலிய செடிகளில் கலப்பு வேலையைப் பழகியவர், நடு வயதைக் கடந்த பின்னரே மணப்பட்டாணியை எடுத்துக்கொண்டார். ஒரு கொடியின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் சேர்த்து, பிறந்தவற்றுள் பெரிய பூவும் தெளிந்த நிறமும் உடையவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, மற்றவற்றை இரக்கமின்றிப் பிடுங்கியெறிந்தார். 1882-இல் அவருடைய ‘பிரான்ஸ் பிரின்ஸ்’ என்னும் வகைக்கு இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் முதல்தர நற்சாட்சி அளித்தது. 1888-இல் அவர் வெம் என்னும் சிற்றூரில் சொந்த வித்துத் தோட்டம் அமைத்தார். 1900-இல் லண்டன் கிறிஸ்டல் பாலஸில் மணப்பட்டாணியின் இருநூறாண்டு விழாக் கண்காட்சி நடைபெற்றது. அதில் வைக்கப்பட்ட 264 வகைகளுள் 115 வகைகள் எக்ஃபோர்டு ஒருவரே உண்டாக்கியவை.

கிரிகோர் மெண்டல் சமையல் பட்டாணியைக் கொண்டு கண்டறிந்த பாரம்பரிய விதிகள் 1866-இல் அச்சாகியிருந்தபோதிலும், 1900 வரையில் உலகம் அவற்றைக் கவனிக்கவில்லை. ஆகவே எக்ஃபோர்டு தமது வேலையில் பெரும்பகுதியை அவ்விதிகளின் துணையின்றியே செய்தார். கண்ணும் கையும் பொறுமையுமே அவருக்கு வழிகாட்டின.

3. அலையிதழ்ப் பூவும் நிலைபெறாத வித்தும்

எக்ஃபோர்டின் ‘பிரிமா டோனா’ என்னும் இளஞ்சிவப்பு வகையை ஆல்தார்ப் என்னுமிடத்தில் ஸ்பென்சர் பிரபுவின் தலைமைத் தோட்டக்காரரான சைலஸ் கோல் பயிரிட்டு வந்தார். அக்கொடிகளினிடையே, இதழ்கள் பெரிதாகவும் விளிம்பு அலையலையாகவும் உள்ள பூ ஒன்று தோன்றியது. 1901-இல் அதனை ‘கவுண்டஸ் ஸ்பென்சர்’ என்ற பெயரால் கண்காட்சியில் வைத்தபோது கண்டோர் வியந்தனர். ஆனால் அதன் வித்து 1904-இல் விற்பனைக்கு வந்தபின் வாங்கியவர்கள் வேறொன்றைக் கண்டனர். ஒரே பெயருள்ள வித்திலிருந்து பல நிறங்களும் பல உருவங்களும் கலந்து முளைத்தன. அவ்வினம் இன்னும் நிலைபெறவில்லை.

அதே காலத்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள ஹிஸ்டன் கிராமத்தில் டபிள்யூ. ஜே. அன்வின் என்பவரும் இதைப்போன்றதோர் அலையிதழ்ப் பூவைத் தனியே கண்டெடுத்தார். தம் மகளின் பெயரால் ‘கிளாடிஸ் அன்வின்’ என்று அதற்குப் பெயரிட்டார். அதன் அலை ‘கவுண்டஸ் ஸ்பென்சர்’ பூவினதைவிடக் குறைவே. எனினும் அதன் வித்து தாயைப் போன்ற பூவையே தந்தது. வாங்கியவர் தாம் விரும்பியதையே பெற்றனர்.

பூவின் அழகில் முன்னது சிறந்தது. வித்தின் உண்மையில் பின்னது சிறந்தது. வித்து வாங்குவோன் பொட்டலத்தின்மேல் எழுதப்பட்ட பெயரை நம்பியே பணம் தருகிறான். உள்ளிருப்பதை அவன் கண்ணால் ஆராய இயலாது; பூக்கும் நாளில்தான் உண்மை வெளிப்படும். அதற்குள் ஒரு பருவமும், நிலமும், நீரும், உழைப்பும் செலவாகிவிடும். ஆதலால் நிலைபெறாத இனத்தைப் பெயரிட்டு விற்பது, எடைக்கல்லைக் குறைத்து விற்பதற்கு ஒப்பாகும்.

4. இரண்டு வெள்ளைப் பூக்களின் விந்தை

கலப்பு வித்து ஏன் இவ்வாறு பிரிகிறது? இக்கேள்விக்கு விடை தந்த ஆராய்ச்சிகளுள் ஒன்று மணப்பட்டாணியிலேயே நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் பேட்ஸன், ஆர். சி. பன்னெட் முதலிய அறிஞர்கள் இரண்டு வெள்ளைப் பூக் கொடிகளைக் கலந்தனர். பிறந்த கொடிகள் யாவும் ஊதாப் பூப் பூத்தன! அக்கொடிகளைத் தம்மில் தாமே காய்க்கவிட்டு, வித்தை மறுபடி விதைத்தபோது, பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதத்தில் நிறமுள்ளவையும், ஏழு என்ற விகிதத்தில் வெள்ளையும் தோன்றின.

காரணம் யாதெனில், அப்பூவில் நிறம் உண்டாவதற்கு இரண்டு காரணிகள் ஒருங்கே இருத்தல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தாலன்றிச் சிவப்பு உண்டாகாதது போல இதனைக் கொள்ளலாம். ஒரு வெள்ளைக் கொடியில் முதற்காரணி இல்லை. மற்றதில் இரண்டாவது இல்லை. கலப்பில் இரண்டும் கூடவே மறைந்திருந்த நிறம் வெளிப்பட்டது. கண்ணுக்கு ஒரேவிதமாகத் தோன்றும் செடிகள் உள்ளே வெவ்வேறு குணங்களைத் தாங்கியிருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

5. கலப்புச் செய்யும் முறை

மணப்பட்டாணிப் பூ மலர்வதற்கு முன்னரே, மொட்டினுள் மகரந்தப்பை வெடித்துத் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்புடையது. ஆகவே கலப்பு செய்வோர் முந்திக்கொள்ள வேண்டும்.

தாய்க்கொடியில் இதழ்நிறம் சிறிதே தெரியும் இளமொட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படகு போன்ற அடியிதழைச் சிறு சாமணத்தால் மெல்லப் பிளந்தால், உள்ளே பத்துக் கேசரங்கள் இருக்கும். ஒன்பது அடியில் இணைந்தும் ஒன்று தனித்தும் நிற்கும். சூல்தண்டிற்கு ஊறு நேராமல் பத்தையும் நீக்க வேண்டும். மஞ்சள் தூள் சிறிதேனும் சிந்தியிருந்தால் அம்மொட்டைக் கிள்ளியெறிந்து வேறொன்றை எடுப்பதே முறை. பின்பு மெல்லிய துணிப்பையால் மொட்டை மூடிக் கட்டவேண்டும்.

ஓரிரு நாள் கழித்து, தந்தைக்கொடியின் புதுமலரிலிருந்து மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவி, மறுபடி பையை மூட வேண்டும். உடனே ஒரு சீட்டில் முதலில் தாயின் பெயர், அடுத்துத் தந்தையின் பெயர், பின்பு தேதி ஆகியவற்றை எழுதிக் காம்பில் கட்டிவிட வேண்டும். நினைவை நம்பிச் சீட்டைத் தள்ளிப்போட்டால் முழு உழைப்பும் வீணாகும். காய் முற்றிப் பழுப்பு நிறமடைந்ததும், முறுக்கி வெடித்து வித்துச் சிதறுமுன் பறித்துவிட வேண்டும். வித்தின் தோல் கடினமாதலால், விதைக்குங்கால் முளைக்கண்ணுக்கு எதிர்ப்புறத்தில் சிறிதளவு கீறிவிடுவது நலம்.

6. தலைமுறைகளைப் பிரித்தெடுத்தல்

தாய் தந்தையர் இருவரும் தூய இனங்களாயின், முதல் தலைமுறைக் கொடிகள் யாவும் ஒரேவிதமாக இருக்கும். அவற்றில் புதுமை தென்படவில்லை என்று எறிந்துவிடலாகாது. புதுமை இரண்டாம் தலைமுறையிலேயே பிரிந்து வெளிப்படும்.

ஒரே காரணியைப் பொறுத்த குணமாயின் நான்கில் ஒன்று ஒடுங்கு குணத்தைக் காட்டும். நிறப்பூவையும் வெள்ளைப்பூவையும் கலந்தால், இரண்டாம் தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று வெள்ளை. அவ்வெள்ளை தன்னில் தானே காய்த்தால் உடனே நிலையானது. ஆனால் நிறமுள்ள மூன்றில் ஒன்று மட்டுமே தூயது. மற்றிரண்டு மீண்டும் பிரியும். மூன்றும் பார்வைக்கு ஒன்றே. பிரித்தறிய ஒரே வழி, ஒவ்வொரு கொடியின் வித்தையும் தனித்தனியே எடுத்துத் தனி வரிசையில் விதைத்துப் பார்ப்பதே. வரிசைக்குப் பத்துக் கொடிகள் மட்டும் வளர்த்தால், பிரியும் இயல்புடைய கொடி தூயதுபோல் ஏமாற்றுவதற்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இடமுண்டு. பதினாறு கொடிகள் வளர்த்தால் அது நூற்றுக்கு ஒன்றாகக் குறையும்.

இரு ஒடுங்கு குணங்கள் ஒருங்கே வேண்டின் பதினாறில் ஒன்றும், மூன்று வேண்டின் அறுபத்துநான்கில் ஒன்றும் கிடைக்கும். ஆதலால் குறிக்கோளைச் சுருக்கிக்கொள்வதே சிறு தோட்டக்காரருக்கு ஏற்றது. முதல் தலைமுறையில் இருந்த கலப்பு, தன்மகரந்தத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். இரண்டாம் தலைமுறையில் நூற்றுக்கு 50, மூன்றாவதில் 25, நான்காவதில் 12½, ஐந்தாவதில் 6¼, ஆறாவதில் ஏறக்குறைய 3 என்று கணக்கிடலாம். வருஷத்திற்கு ஒரு பயிர் எனின், ஐந்தாறு வருஷங்கள் காத்திராமல் இனத்திற்குப் பெயரிடுவது அவசரமாகும்.

எல்லா ஆசையும் கலப்பினால் நிறைவேறிவிடாது. தெளிந்த மஞ்சள் நிற மணப்பட்டாணிக்காகப் பல தலைமுறைத் தோட்டக்காரர்கள் முயன்றும் அது கைகூடவில்லை. இல்லாத குணத்தை எவ்வளவு பிரித்தெடுத்தாலும் பெற இயலாது.

7. நம் பக்கத்துச் செடிகள்

மணப்பட்டாணி குளிர் விரும்பும் கொடி. நீலகிரி போன்ற மலைப்பிரதேசங்களில் செழிக்கும். சமவெளியில் குளிர்காலத்தில் மட்டுமே வளரும். எனினும் அதன் பாடம் எல்லாச் செடிகட்கும் பொருந்தும். வித்தினால் பெருகும் காசித்தும்பையில் பழகத் தொடங்குவது எளிது. அதில் மகரந்தப்பைகள் குல்லாய் போல் ஒட்டிநின்று முதலில் உதிர, அதன்பின்னரே சூல்முடி வெளிப்படும். குல்லாய் உதிருமுன் அதனை நீக்கிவிட்டால் கலப்புக்கு இடம் கிடைக்கும்.

செம்பருத்தி போன்று போத்தினால் பெருகும் செடிகளின் நிலை வேறு. அதன் பல வகைகள் எளிதில் காய்ப்பதில்லை. ஆயினும் ஒரு நல்ல கன்று கிடைத்துவிட்டால், பல தலைமுறை காத்திராமல் போத்து வைத்தே பெருக்கலாம். ஆனால் அவ்வாறு பெருகிய செடிகள் அனைத்தும் ஓருடலே. அவ்வகை தாங்காத நோய் ஒன்று வந்தால் தோட்டம் முழுவதும் ஒருங்கே வீழக்கூடும். வகைகள் சிலவற்றைக் கலந்து வைத்தலே காப்பு.

ஒருவர் நிலம் இத்தனை வரிசைகளுக்குப் போதாதெனில், ஊரில் ஐந்தாறு பேர் சேர்ந்து வரிசைகளைப் பங்கிட்டு வளர்த்து, ஒரே பதிவுப் புத்தகத்தில் முடிவுகளை எழுதலாம். நிலைபெறும் வரையில் வித்தை வெளியில் விற்பதில்லை என்று அவர்கள் முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நலம்.

8. நினைவிற் கொள்ளத்தக்கவை

(1) குறிக்கோள் ஒன்றோ இரண்டோ போதும்.
(2) மொட்டு நிலையிலேயே கேசரத்தை நீக்குக, பையால் மூடுக.
(3) சீட்டில்லாத காயைச் சேர்க்காதீர்.
(4) முதல் தலைமுறையை எறியாதீர். இரண்டாவதை இயன்ற அளவு மிகுதியாக விதைப்பீர்.
(5) ஒவ்வொரு செடியின் வித்தும் தனிப்பையில்.
(6) தாயைப் போன்ற பூவை வித்துத் தவறாமல் தரும் வரையில் பெயரிடாதீர், விற்காதீர்.

புதுப்பூ ஒரு நாள் வியப்பைத் தரும். சொன்ன சொல் தவறாத வித்தோ, அதனை உண்டாக்கியவனுக்கு வருஷந்தோறும் வாழ்வைத் தரும்.