கோவளம் கேம்ப்பில் சீசன் வேலை: சேரும் முன்பு, ஏமாந்த பின்பு – ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்தால் ஈ.சி.ஆர். ஓரத்து ரிசார்ட், டென்ட் கேம்ப், சர்ஃப் கேம்ப் எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படுகிறது. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்துப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்புகளில் அப்போது போஸ்டர்கள் சுற்றும். கடற்கரையில் வேலை, சாப்பாடு தங்கல் இலவசம், அனுபவம் தேவையில்லை என்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. பழைய ஆம்னியிலோ டெம்போ டிராவலரிலோ படுக்கை போட்டு, அதையே வீடாக்கிக்கொண்டு கேம்ப் கேம்ப்பாக வேலை பார்க்கும் ஆசையுடன் வருகிறவர்களும் இப்போது தலைகாட்டுகிறார்கள்.

பாதியில் திரும்புகிறவர்கள் சொல்லும் குறை அநேகமாக ஒன்றுதான்: சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. கடல் மேலும் உழைப்பின் மேலும் அவர்களுக்கு வருத்தமில்லை. லீவு எப்போது, படுக்க இடம் எங்கே, சீசன் முடிந்தால் பாக்கி எப்போது கைக்கு வரும் என்பதையெல்லாம் முதல் நாள் யாரும் பேசுவதில்லை. சீசன் வேலையில் சேரும் அன்றே கிளம்பும் நாளையும் பேசி முடித்துவிட வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

படி 1: கோவளத்தின் சீசனைப் புரிந்துகொள்ளுங்கள்

கோவளத்துக்கு ஒரே சீசன் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் தொடங்கிப் பொங்கல் வரை ஒன்று, பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து நல்ல அலை வருவதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை சர்ஃபிங் ஆட்கள் வருவார்கள். இதற்கெல்லாம் மேல் வாராந்திர சீசன் ஒன்று உண்டு: ஓ.எம்.ஆர். கம்பெனிகள் வெள்ளிக்கிழமை மாலை மூடியதும் தொடங்கும் கூட்டம், ஞாயிறு இரவு கலையும். செவ்வாய், புதன்கிழமைகளில் அதே கேம்ப் வெறிச்சோடிக் கிடக்கும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் சென்னையையே முடக்கியது. புயல் எச்சரிக்கை வந்தால் புக்கிங் ரத்தாகும், டென்டைப் பிரித்துவிடுவார்கள், ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்காமல் நவம்பரில் சேராதீர்கள்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சுமார் 30 கிலோமீட்டர்தான். சனி, ஞாயிறு மட்டும் போய்வரும் வேலை கிடைத்தால், முதல் தடவைக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து. இடத்தின் குணம் இரண்டு மூன்று வாரத்தில் தெரிந்துவிடும்.

படி 2: எந்த வேலை உங்களுக்குக் கிடைக்கும்?

ஏமாற்றத்தின் முதல் வேர் இங்கேதான் இருக்கிறது. போஸ்டரில் அலையும் சர்ஃப் போர்டும் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது பெட்ஷீட் மாற்றுவது, பாத்திரம் கழுவுவது, டென்ட் அடிப்பது, கெஸ்ட்டின் பையைத் தூக்குவது, இரவு கேம்ப்ஃபயர் முடிந்ததும் மணலிலிருந்து பாட்டில் பொறுக்குவது.

தண்ணீருக்குள் இறங்கும் வேலை புதிதாக வருகிறவருக்குக் கிடைக்காது. அதில் நியாயமும் இருக்கிறது. கோவளத்தில் சர்ஃபிங் வளர்ந்ததே மீனவக் குப்பத்துப் பிள்ளைகளால்தான். அந்தக் குப்பத்து மீனவரான மூர்த்தி மேகவன் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்து உருவாக்கியதுதான் இன்று நாடறிந்த சர்ஃப் பள்ளி. 2013-லிருந்து இங்கே சர்ஃப் திருவிழாவும் நடந்திருக்கிறது. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, இழுவை எங்கே இருக்கிறது என்பதைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவர்கள் அவர்கள். நீங்களும் பயிற்சியாளராக வேண்டுமானால் நீச்சல், முதலுதவி, உயிர்காப்புப் பயிற்சி, சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் முதல் நிலைச் சான்றிதழ் என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கு ஒரு சீசன் போதாது. ஓய்வு நேரத்தில் போர்டு எடுத்துப் பழகலாமா என்று சேரும்போதே கேட்டு வைத்தால், இந்த வேலையில் கிடைக்கக்கூடிய நல்ல பலனை இழக்க மாட்டீர்கள்.

வாலன்டியர் என்ற பெயரில் சில ஹாஸ்டல்கள் ஆள் எடுக்கின்றன. தினமும் சில மணி நேரம் வேலை, பதிலுக்குப் படுக்கை, சில இடங்களில் சாப்பாடு. சம்பளம் கிடையாது. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது போதும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவருக்குப் போதாது. இரண்டில் எதில் சேர்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெளிவாக இருக்கட்டும்.

படி 3: சம்பளத்தை மணிக்கணக்கில் போடுங்கள்

ஒரு பேச்சுக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 208 மணி நேரம். மணிக்குச் சுமார் 72 ரூபாய். அதே 15,000-க்கு லீவே இல்லாமல் 30 நாள், நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 360 மணி நேரம். மணிக்கு 42 ரூபாய்கூட வராது. தொகை மாறவில்லை, உங்கள் உழைப்பின் விலை பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. கேம்ப் வேலையில் இது சர்வசாதாரணம். அங்கேயே தங்குகிறவரை இரவு பதினொரு மணிக்கும் எழுப்பலாம்.

இலவசம் என்று சொல்லப்படும் சாப்பாடும் தங்கலும் சம்பளத்தின் ஒரு பகுதிதான். அமெரிக்காவில் ஓய்வுபெறும் வயதைத் தாண்டியவர்கள்கூட வேனில் குடியிருந்தபடி முகாம்களில் சீசன் வேலை பார்ப்பதை ஜெசிக்கா புரூடர் ‘நோமேட்லேண்ட்’ என்ற நூலில் 2017-ல் எழுதினார். அதிலிருந்து வந்த படம் ஆஸ்கர் வாங்கியது. அங்கே வண்டி நிறுத்த இடம், தண்ணீர், கரன்ட் ஆகியவற்றுக்குப் பதிலாக இத்தனை மணி நேர உழைப்பு என்று பேரம் பேசும் முறை உண்டு. இங்கே அந்தக் கணக்கை யாரும் வெளியே சொல்வதில்லை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கேளம்பாக்கத்தில் ஒரு பெட் வாடகையும் மூன்று வேளை மெஸ் செலவும் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துச் சம்பளத்தோடு கூட்டினால் உண்மையான தொகை வரும்.

டிப்ஸ் பொதுவில் சேர்ந்து பிரிகிறதா, கிடைத்தவருக்கேவா என்பதையும் கேளுங்கள்.

படி 4: ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள்

போனில் பேசி முடிக்காதீர்கள். கூட்டம் இருக்கும் நாளில் போய், ஸ்டாஃப் தூங்கும் இடத்தையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பிவிடலாம். ஏற்கெனவே வேலை பார்க்கிற தம்பி ஒருவரிடம் டீக்கடையில் வைத்துப் பேசினால், போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று தெரிந்துவிடும். ஏஜென்ட் முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆதார், மார்க் ஷீட் ஆகியவற்றின் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் ஒருபோதும் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.

படி 5: பேசியதை எழுத்தில் வாங்குங்கள்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது இப்போது சட்டம். சின்ன கேம்ப்பில் கடிதம் கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள். அங்கே வாட்ஸ்அப் போதும். பேசிவிட்டு வந்த அன்றே மரியாதையாக இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

“வணக்கம் சார். இன்னைக்குப் பேசினபடி டிசம்பர் 18-லிருந்து ஜனவரி 20 வரைக்கும் வேலைக்கு வர்றேன். சம்பளம் மாசம் 15,000, மூணு வேளை சாப்பாடு, தங்க இடம். காலையில 8-லிருந்து சாயந்திரம் 5 வரைக்கும் டியூட்டி, புதன்கிழமை லீவு. மழையால கேம்ப் மூடினா அந்த நாளுக்குப் பாதிச் சம்பளம். கடைசி நாள் பாக்கி மொத்தமும் செட்டில். சரிதானே சார்?”

பதிலுக்கு “ஓகே பா” என்று ஒரு வார்த்தை வந்தால்கூட அது ஆதாரம். பதில் வராவிட்டால் போன் செய்து கேளுங்கள். சேரும் முன்பு இதற்குக்கூட நேரமில்லாத ஓனர், செட்டில்மென்ட் நாளில் உங்களுக்கு நேரம் ஒதுக்குவார் என்று நம்ப இடமில்லை.

படி 6: வேனில் தங்குவதென்றால்

கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, வாகமனில் கேரவன் பூங்கா திறந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு கோவளத்துக்கு வர வேண்டாம். கேம்ப் வேலைக்கு வருகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கேம்ப்பை ஒட்டிய காலி மனையின் ஒரு மூலை. அந்த மனை யாருடையது, பக்கத்து வீட்டார் ஆட்சேபிப்பார்களா, ராத்திரி கேட்டைப் பூட்டினால் சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் முதலிலேயே தெரிய வேண்டும். மணலில் வண்டியை இறக்கவே கூடாது. வலை காயவைக்கவும் படகு ஏற்றவும் குப்பத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிற இடம் அது. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறி ஊர்ப்பக்கம் நகரும். அதனால் கடலைப் பார்த்து லைட் போடாதீர்கள். இதை நான் மன்றாடியே கேட்கிறேன்.

வண்டிக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து உருமாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும்.

காற்றோட்டம் உயிர் சம்பந்தப்பட்டது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவது, ஜன்னலை அடைத்துக்கொண்டு அடுப்பு மூட்டுவது, கொசுவுக்காகக் கரிப்புகை போடுவது மூன்றும் வேண்டவே வேண்டாம். எதிரெதிர் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்து, பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள். சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்வது நல்லது; ஐந்து கிலோ சிலிண்டர் அதற்குப் போதும்.

உப்புக்காற்று தகரத்தைத் தின்றுவிடும். வாரம் ஒரு தடவையாவது வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கரையோரத்துப் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் பலனில்லை, குடிக்கவும் ஆகாது. கேன் தண்ணீர் யார் செலவு என்பதைப் படி 5-இன் செய்தியில் சேர்த்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதங்களில் பகல் ஷிப்ட் முடிந்து வந்தால் தகரக்கூடு அடுப்பாகக் கொதிக்கும். அந்த சீசனில் வேன்வாசம் வேண்டாம் என்பேன். டிசம்பர், ஜனவரிதான் அதற்கு ஏற்றது.

படி 7: முதல் வாரத்திலிருந்தே குறித்து வையுங்கள்

எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினீர்கள் என்று தினமும் ஒரு வரி. பணம் ஜிபே-யிலோ வங்கியிலோ வருவது நல்லது. கையில் கொடுத்தால் அன்றே “இன்னைக்கு 2,000 வாங்கிக்கிட்டேன் சார்” என்று செய்தி போட்டுவிடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில், மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள்.

கடலில் குளிக்கிற கெஸ்ட்டைக் கவனிக்கும் பொறுப்பை, பயிற்சி இல்லாத உங்கள் தலையில் கட்டினால் மறுத்துவிடுங்கள். கோவளம் 2021-லேயே நீலக்கொடிச் (Blue Flag) சான்று பெற்ற கடற்கரை, அந்தப் பகுதியில் உயிர்காப்பாளர்கள் உண்டு. அதனால் கெஸ்ட்டை அங்கே அனுப்பலாம்.

படி 8: சொன்னபடி நடக்காவிட்டால்

முதலில் சூப்பர்வைசரிடம் தனியாக, கூட்டமில்லாத வாரநாளில் பேசுங்கள். சனிக்கிழமை இரவு கிச்சனில் நின்று கேட்டால் பதிலும் அந்தச் சூட்டோடுதான் வரும். “அண்ணா, புதன்கிழமை லீவுன்னு பேசினோம், மூணு வாரமா கிடைக்கலை” என்று ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள். பல இடங்களில் இத்தோடு சரியாகிவிடும். நல்ல ஆள் சீசன் நடுவில் போவதை எந்த ஓனரும் விரும்ப மாட்டார்.

சரியாகாவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருப்பது தெம்பு தரும். 2025 நவம்பர் 21-லிருந்து நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். கண்ணாடி உடைந்தது, டவல் காணோம் என்று பிடித்தம் செய்யும் முன்பு உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். நிறுத்தினாலும் சரி, நீங்களாகவே நின்றாலும் சரி, இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். ஊதியப் பாக்கியைக் கேட்டு மனுக் கொடுக்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தாம்பரமும் கோவளமும் செங்கல்பட்டு மாவட்டம்தான் என்பதால் அந்த மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பெண்கள் ஒரு விஷயத்தில் காத்திருக்கவே வேண்டாம். பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேருக்குக் குறைவான இடத்திலும் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போக 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. உடனடி உதவிக்கு 181 அல்லது 112. சம்பளப் பாக்கியை நினைத்து அங்கேயே தங்காதீர்கள். பணத்தைப் பிறகு வாங்கலாம்.

படி 9: கிளம்பும்போது

நிற்பது என்று முடிவானால் சண்டை போட்டுக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போக வேண்டாம். கடைசித் தேதியை வாட்ஸ்அப்பில் தெரிவியுங்கள். பொங்கல் வாரத்தின் நடுவில் அந்தத் தேதி விழாமல் பார்த்துக்கொண்டால் பாக்கி வாங்குவது எளிது. காணும் பொங்கல் கூட்டம் முடிந்த மறுவாரம் ஓனரும் நிதானமாக இருப்பார், அவர் கையில் பணமும் இருக்கும். உங்கள் குறிப்பை எடுத்துவைத்து நாள், அட்வான்ஸ், பாக்கி என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். யூனிஃபார்மையும் சாவியையும் ஒப்படைத்ததற்கு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேனுக்குக் கரன்ட் காசு என்று கடைசி நிமிடத்தில் புதுக் கழிவு முளைத்தால், பேசியதைக் காட்டச் சொல்லுங்கள்.

லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்கிவிடுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை. கோடை விடுமுறைக்கு ஆள் எடுப்பது மார்ச்சிலேயே தொடங்கிவிடும். அந்தத் தாளோடு போகிறவரிடம் சம்பளப் பேச்சு பழைய தொகையிலிருந்து மேலே தொடங்கும்.