நிலப்படத்தின் எண்கள் செல்லும் வழி

கணினி கையாளும் நிலப்படங்களுள் ஒருவகை முற்றும் எண்களால் ஆயது. நிலப்பரப்பைச் சதுரங்கப் பலகைபோலச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை இட்டுவைப்பர். இதற்கு ராஸ்டர் என்று பெயர். அவ்வெண் உயரத்தைக் குறிக்கலாம். மழையின் அளவையும் குறிக்கலாம். இவ்வெண்கள் ஒரு கணினியினின்று மற்றொன்றன் தரவுத்தளத்துக்குச் செல்லுங்கால் பொருள் கெடாது சேர்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் எண்டெவர் என்னும் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றிவந்து, ராடார் கருவியால் நிலத்தின் உயரங்களை அளந்தது. அவ்வளவுகள் அட்சத்திலும் தீர்க்கத்திலும் ஒவ்வொரு பாகை கொண்ட ஏடுகளாக வெளியாயின. 3 விகலை இடைவெளியுள்ள ஏட்டில் வரிசைக்கு 1,201 எண்களாக 1,201 வரிசைகள் உள. எண் ஒன்றுக்கு 2 பைட் ஆதலின், ஏடு முழுவதும் 28,84,802 பைட் ஆகும்.

இதனைப் போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் தரவுத்தளத்தில் சேர்க்க இரு வழிகள் உண்டு. ஒவ்வொரு பைட்டையும் இரண்டு எழுத்துக்களாக எழுதி அனுப்புதல் முதல் வழி. அது கண்ணாற் படிக்கத்தக்கது. ஆயினும் எண்களின் சுமை மட்டுமே 57,69,604 எழுத்துக்களாக இரட்டிக்கும். பைட்டுகளை உள்ளவாறே அனுப்புதல் இரண்டாம் வழி. இதுவே இருமப் பரிமாற்றம். இது சுருக்கமும் விரைவும் உடையது. ஆனால் விழிப்பை வேண்டுவது.

ஏனெனில், 12 என்பதை வலமிருந்து படிப்பவனுக்கு அது 21 ஆகும். அதுபோலவே, எண்ணின் பெரும்பகுதியை முன்வைப்பதா சிறுபகுதியை முன்வைப்பதா என்பதில் இயந்திரங்கள் ஒத்துப்போவதில்லை. மேற்கூறிய ஏடுகளில் பெரும்பகுதி முன்னிற்கும். நம் மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் சிறுபகுதி முன்னிற்கும். முறைமாறிப் படித்தால் 300 மீட்டர் 11,265 மீட்டர் ஆகிவிடும். எவரெஸ்டை விஞ்சிய இவ்வுயரத்தைக் கண்டவர் பிழையென்று உடனே உணர்வர். ஆனால் 256 மீட்டர் 1 மீட்டராக மாறினால் ஐயுறுவார் யார்?

இதனினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. ராடார் அளக்கவியலாத இடங்களில் −32,768 என்னும் எண் இடப்பட்டுள்ளது. ‘இங்கே அளவு இல்லை’ என்பதே அதன் பொருள். முறைமாறினால் அது 128 மீட்டர் உயரமாக வேடம் பூணும். முறை சரியாக இருந்தும் அதன் பொருள் உடன்செல்லாவிடின், கணினி அதனை 32 கிலோமீட்டர் ஆழமுள்ள குழியென்றே கொள்ளும். வெள்ளம் செல்லும் வழியைக் கணிப்போரின் படத்தில் நீரெல்லாம் அக்குழியில் வடிந்து, தாழ்ந்த ஊர்கள் நனையாதன போலத் தோன்றும். மெய்யான வெள்ளமோ அவ்வூர்களை விட்டுவைக்காது.

மூல ஏட்டினுள் இவற்றைச் சொல்லும் முகவுரை யாதும் இல்லை. மூலையின் இடத்தைக்கூட ஏட்டின் பெயரே சொல்லும். தரவுத்தளத்தின் ராஸ்டர் வடிவமோ 61 பைட் முகவுரையுடன் தொடங்குகிறது. அதன் முதற் பைட் 1 ஆயின் சிறுபகுதி முன்னது. 0 ஆயின் பெரும்பகுதி முன்னது. கட்டத்தின் அளவு, மூலையின் இடம், அகலம், உயரம் முதலியன பின்வரும். அதனை அடுத்து எண்ணின் வகைக்கு 1 பைட்டும், ‘அளவு இல்லை’ என்னும் குறிக்கு 2 பைட்டும் உள. ஆக, 28 லட்சத்துக்கு மேற்பட்ட பைட்டுகளின் பொருளைக் காப்பவை 64 பைட்டுகளே. ஆயினும் அக்குறியை அனுப்புவோர் இடாவிடின் வடிவம் தானே அறியமாட்டாது.

ஆதலின் எண்களை அனுப்பும் மாணவர், மிகச் சிறிய எண் யாது, மிகப் பெரிய எண் யாது, அளவில்லாக் கட்டங்கள் எத்துணை என்னும் மூன்று வினாக்களை இருபுறத்தும் கேட்டு ஒப்பிடுவாராக. அறிந்ததை அறிந்ததாகவும், அறியாததை அறியாததாகவும் கொண்டு சேர்ப்பதே செம்மையான பரிமாற்றமாகும்.